திங்கட்கிழமையை எங்கள் ஐயருக்குத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பேராயர் அவர்களுக்கும் திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கும்,

போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை ஞாயிறு ஆராதனையின் அறிவிப்பு நேரத்தில் எங்கள் சபைப் போதகரான ஐயரே வாசித்தார். மலையாளத்தில் வந்ததை நின்ற இடத்திலேயே தமிழாக்கிச் சொன்னார். போதகர்களுக்குத் திங்கட்கிழமை ஓய்வு இனிமேல் கிடையாது. அன்றைக்கு வீடு சந்திப்பு நடத்தி, மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மூன்று நாள் தியானக் கூடுகை, இந்த வருஷத்திலிருந்து ஒரு நாள் நிர்வாகப் பயிற்சியாகிறது. நீண்ட ஓய்வு கேட்டு வந்த மனுக்கள் நிதி நிலைமை கருதி ஏற்கப்படவில்லை. அந்த மனுக்களில் ஒன்று அவருடையது. அதையும் தன் வாயாலேயே அறிவித்துவிட்டு, காணிக்கைப் பாட்டின் எண்ணைச் சொன்னார்.

நான் கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் மாதர் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். இந்த மடலை எழுதச் சொல்லி ஐயர் கேட்கவில்லை. தெரிந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதனால் அவர் பெயரையும், அவர் பார்க்கும் சபைகள் சேர்ந்த சேகரத்தின் பெயரையும் எழுதவில்லை. கண்டுபிடிக்க உங்களுக்கு அதிக நேரம் ஆகாது என்று தெரியும். கண்டுபிடித்து அவரை இடம் மாற்றினால், அதை இந்த மலையில் உள்ள சபைகள் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குழுவில் இந்தப் பேச்சு வந்தபோது ஒருவர், "ஊழியக்காரனுக்கு ஓய்வு பரலோகத்தில்" என்றாராம். மற்றவர்கள் சிரித்தார்களாம். காலையில் பேர் கூப்பிடும் எங்கள் மஸ்டரில் நின்ற எந்த சூப்பர்வைசரும் எங்களிடம் அப்படிப் பேசியதில்லை. பேசவும் முடியாது. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எங்களுக்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று எழுதி வைத்தது. வாரத்துக்கு (பிற்பாடு திருத்தியபடி) 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்றது. அந்தச் சட்டம் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஒழுகுகிற கூரையைச் சரிசெய்துவிட்டதா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை எங்களிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நாங்கள் கோயிலுக்கு வந்தோம். எங்கள் ஓய்வு நாள் அவருக்கு வேலை நாள். அதனால்தான் அவருக்குத் திங்கட்கிழமை. இதில் சலுகை எங்கே இருக்கிறது?

அவருடைய ஞாயிறு எப்படிப் போகிறது என்று தலைமையகத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. நான்கு சபைகள். காலை ஏழு மணிக்கு எஸ்டேட்டின் மேல்பக்க டிவிஷனில் திருவிருந்து ஆராதனை, பத்தரைக்கு எங்கள் கோயில், சாயந்தரம் மூன்று மணிக்கு அடுத்த எஸ்டேட், அதில் ஞானஸ்நானம் இருந்தால் அந்த வீட்டில் சாப்பாடு. நான்காவது சபைக்கு மாதத்தில் ஒருமுறைதான் போக முடிகிறது, அதற்கும் அங்கே முணுமுணுப்பு உண்டு. ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் பைக். திருவிருந்துப் பாத்திரங்கள் உள்ள பெட்டி, மழைக்கோட்டு, அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலம், எல்லாம் ஒரே பையில். இருட்டிய பிறகு திரும்பும்போது, படையப்பா என்று நாங்கள் பேர் வைத்திருக்கிற கொம்பன் யானை எந்த வளைவில் நிற்கிறது என்று யாரையாவது போனில் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

வார நாட்களில் பகலில் கூட்டம் வைக்க முடியாது, ஜனங்கள் மலையில் இருப்பார்கள். ஐந்து மணிக்கு மேல்தான் வீட்டு ஜெபம், உபவாச ஜெபம், வாலிபர் கூட்டம் எல்லாம். பகலில் சும்மாதானே இருக்கிறார் என்று நினைக்கிறவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். பகலில் அவர் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன். 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸில் வரும் காகிதம் மலையாளம். பென்ஷன் காகிதம், கிராஜுவிட்டிக் கணக்கு, பஞ்சாயத்து விண்ணப்பம், கோட்டயம் மெடிக்கல் காலேஜ் சீட்டு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போதகர் இல்லத்துக்குத்தான் போகிறோம். இந்து வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. இதற்கு உங்கள் மாத அறிக்கையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வருஷக் கணக்கும் அப்படித்தான். டிசம்பரில் ஒவ்வொரு லயமாக கேரல் பவனி நடுராத்திரி வரைக்கும். வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை. ஜனவரியில் புல் மேலே உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது முதல் ஆராதனைக்கு வண்டியை உதைப்பார். பிறகு ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களான லெந்து, பரிசுத்த வாரம், ஏப்ரல் மே மாதங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. ஜூனில் மழை தொடங்கினால் அடக்கங்கள். வயதானவர்கள் மழையில்தான் அதிகம் போகிறார்கள்.

அப்படி ஒரு அடக்கம். கர்க்கடக மாதத்து, அதாவது நம் ஆடி மாதத்து மழை, சரிவில் உள்ள கல்லறைத் தோட்டம், குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது, ஆள் நின்று வாளியால் இறைக்கிறார்கள். குடை பிடித்தும் ஐயரின் புத்தகம் நனைந்துவிட்டது. மண்ணுக்கு மண் என்று சொல்லும் இடத்தில், இறந்தவரின் பெயருக்குப் பதிலாக, முந்தின வாரம் வேறொரு டிவிஷனில் அடக்கம் பண்ணிய பெண்ணின் பெயரைச் சொன்னார். யாரும் அசையவில்லை. மகன்தான் மெதுவாக, "ஐயா, எங்கம்மா பேரு அது இல்லீங்க" என்றான். அவர் புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு சரியான பெயரைச் சொல்லி, புத்தகம் இல்லாமலேயே முடித்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று ஐயரம்மா சொன்னார்கள்.

மறதி என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் யார் யார் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று எனக்கே எடுத்துச் சொல்கிற மனிதர் அவர்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். அதில் பலருக்குக் கயத்தாறு பக்கம் சொந்த ஊர். தேடுகிற வேலை நாள் கணக்கில் நடந்தபோது அந்தக் குடும்பங்களோடு நின்றவர்களில் எங்கள் ஐயரும் உண்டு. எந்த மதம், எந்தச் சபை என்று பார்க்கிற நேரமா அது? திரும்பி வந்த பிறகு அவரை உட்கார வைத்து, "நீர் எப்படி இருக்கிறீர்?" என்று உங்களில் ஒருவராவது கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கொரோனாக் காலத்தில் காணிக்கை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து எழுதியவர்களில் நானும் இருந்தேன்.

இப்போது நீங்கள் ரத்து செய்திருக்கும் தியானக் கூடுகையைப் பற்றி. உண்மையைச் சொன்னால் அதிலும் தியானம் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. மாதர் சங்க வேலையாக நான் தலைமையகத்துக்கு வந்திருந்த ஒரு தடவை, அதே நாளில் போதகர்களின் கூடுகையும் நடந்தது. காலையில் ஒரு மணி நேரம் வேதபாடம், அதுவும் மலையாளத்தில். அதற்குப் பிறகு, சேகரங்கள் தலைமையகத்துக்குக் கட்ட வேண்டிய வருஷ அசெஸ்மென்ட் பாக்கி, கட்டட நிதிக்கு ஒவ்வொரு சேகரத்துக்கும் குறித்த தொகை, மேடையில் பொன்னாடை, போட்டோ. மத்தியானம் நான் வராந்தா வழியாகப் போனபோது, மலையிலிருந்து வந்த தமிழ்ப் போதகர்கள் சுவர் ஓரமாக நின்று கால்குலேட்டரில் பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டுகளில் ஆட்கள் ரிட்டயர் ஆகி லயத்தைக் காலி பண்ணி ஊருக்குப் போகப் போகக் குடும்பங்கள் குறைகின்றன. தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. அதை வசூலிக்கிற வேலையும் போதகர் தலையில்தான். தேறுதல் சொல்லப் போகிற வீட்டிலேயே பாக்கியும் கேட்க வேண்டியிருக்கிறது அவருக்கு. அவரை அதிகமாகக் களைக்க வைப்பது பைக்கும் மழையும் இல்லை, இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வேதத்திலிருந்து உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மாற்கு 6ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. தனித்துச் சற்றே இளைப்பாறப் போவோம் வாருங்கள் என்று ஆண்டவர் படகில் ஏற்றுகிறார். ஜனங்கள் கால்நடையாக ஓடி அவர்களுக்கு முன்னாலேயே கரைக்கு வந்துவிடுகிறார்கள். கிடைத்த ஓய்வு அந்தப் படகுப் பிரயாணம் மட்டும்தான். அத்தோடு முடிந்தது என்று நாம் நிறுத்திவிடுகிறோம். தொடர்ந்து வாசித்தால், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்த பிறகு, சீஷர்களை மறுபடியும் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜனங்களை அனுப்பிவிடுகிற வேலையை அவரே எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு ஜெபம்பண்ண மலைக்குப் போகிறார். மேலே இருப்பவர் கூட்டத்தைத் தானே சமாளித்துக் கீழே இருப்பவர்களை அனுப்பி வைத்தார். உங்களிடம் நான் கேட்க வந்ததும் அதுதான்.

மோசேயின் மாமனார் எத்திரோவும் உண்டு. காலை முதல் மாலை வரைக்கும் ஜனங்கள் மருமகனைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, நீர் செய்வது நல்லதல்ல என்றார். குறை கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் மாமனார்களை எங்கள் லயத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் ஆட்களைப் பிரித்து வேலையைப் பங்கு போடவும் வழி சொன்னார். ஆசரிப்புக் கூடாரத்தில் வேலை செய்த லேவியருக்கு ஐம்பது வயதோடு சுமை வேலை முடிந்துவிடும் என்று எண்ணாகமம் 8இல் இருக்கிறது. அவர்களுக்குப் பரலோகம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை.

அடுத்த எஸ்டேட்டில் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. அங்குள்ள ஃபாதரிடம் உங்களுக்கு எப்படி என்று கேட்டேன். 1983இல் வந்த அவர்களுடைய திருச்சபைச் சட்டப் புத்தகத்தை எடுத்து 533ஆம் எண்ணைக் காட்டினார். பங்குத்தந்தை வருஷத்தில் ஒரு மாதம் வரைக்கும் விடுமுறை எடுக்கலாம். வருஷாந்தரத் தியானத்துக்குப் போகும் நாட்களை அந்த ஒரு மாதத்தில் சேர்க்கக்கூடாது. அவர் இல்லாத நாட்களில் பங்கைக் கவனிக்க அதிகாரம் பெற்ற வேறொரு குருவை வைப்பதற்கு ஆயர்தான் விதிமுறை செய்ய வேண்டும். விடுமுறை வேறு, தியானம் வேறு, மாற்று ஆளை ஏற்பாடு செய்வது மேலிடத்தின் பொறுப்பு. மூன்றையும் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். நம்முடைய ஐயர் ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டுமென்றால் மாற்று ஆளை அவரே தேடி, அவருக்கு வண்டிச் செலவும் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அப்படிப் போவதைவிடப் போகாமலே இருக்கலாம் என்று இருந்துவிடுகிறார்.

இது நம்முடைய மரபில் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கோடைக்கானலில் முதல் வீடுகளை 1845இல் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். சமவெளியின் வெயிலிலும் நோயிலும் மிஷனெரிகளும் அவர்கள் பிள்ளைகளும் செத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் மலையேறினார்கள். அதை யாரும் சோம்பல் என்று சொல்லவில்லை. நம் தமிழ்ப் போதகர் மூன்று மாதம் கேட்டால் மட்டும் நிதி நிலைமை குறுக்கே வந்து நிற்கிறது. ஊரெல்லாம் இளைப்பாற மூணாறுக்கு வருகிறது. சீசன் நாட்களில் கார் வரிசையில் மாட்டிக்கொண்டு எங்கள் ஐயர் அடக்க ஆராதனைக்குத் தாமதமாகப் போகிறார்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. வாகமண்ணில் பிரான்சிஸ் ஆச்சார்யா 1958இல் தொடங்கிய குரிசுமலை ஆசிரமம் இருக்கிறது. கத்தோலிக்க ஆசிரமம் என்று தயக்கமாக இருந்தால், டாக்டர் ஏசுதாசனும் டாக்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பற்றி எங்கள் ஐயரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அங்கே போய் இருக்க அவருக்கு எவ்வளவு ஆசை என்று புரிந்திருக்கும்.

பணம் இல்லை என்கிறீர்கள். மண்டபத்துக்கு டைல்ஸ் போடப் பணம் இருந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறீர்கள். கேட்கட்டும், எல்லாருக்கும்தான் வேண்டும். சபையார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற மூன்றாவது காரணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. திங்கட்கிழமை போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு காணிக்கைக் கவரை நிறுத்தி வைத்த குடும்பம் எங்களிடம் உண்டு. அவர்களிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். நீங்களே ஓய்வை ரத்து செய்துவிட்டால் நாங்கள் என்ன சொல்லிப் பேசுவது?

எனவே நாங்கள் கேட்பவை இவை.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். திங்கட்கிழமை போதகரின் ஓய்வு நாள் என்று எல்லாச் சபைகளிலும் வாசிக்கும்படி ஒரு புதிய சுற்றறிக்கை அனுப்புங்கள். சாவு, ஆபத்து தவிர வேறெதற்கும் அன்றைக்கு அவரை அழைக்கக்கூடாது என்று அதில் இருக்கட்டும். தலைமையகமும் அன்றைக்குக் கூட்டம் வைக்கவோ கணக்குக் கேட்டுப் போன் பண்ணவோ கூடாது.

தியானக் கூடுகையைத் திருப்பிக் கொடுங்கள். மூன்று நாள் போதாது, ஐந்து நாளாவது வேண்டும். அதில் கணக்கு, வசூல், இடமாற்றப் பேச்சு, மேடை எதுவும் வேண்டாம். தமிழ்ப் போதகர்களுக்குத் தமிழில் நடத்துங்கள். மற்றக் காகிதங்கள் மலையாளத்தில் வரட்டும், எங்கள் பேரப்பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், வாசித்துச் சொல்வார்கள். ஆனால் ஒரு மனிதர் தன் ஆண்டவரோடு தனியாக இருக்கப் போகிற இடத்திலும் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஏழு வருஷம் தொடர்ந்து ஊழியம் செய்த போதகருக்குச் சம்பளத்தோடு மூன்று மாதம் ஓய்வு என்று விதி செய்யுங்கள். நிலத்துக்கே ஏழாம் வருஷ ஓய்வு கொடுத்த வேதம் நம்முடையது. மலைச் சேகரங்களில் நீண்ட காலம் இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். அந்த நாட்களில் வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடாது, பிள்ளைகளின் படிப்பு நடுவில் கெடக்கூடாது. எங்கள் ஐயரின் மனுவை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

மாற்று ஆளைத் திருமண்டலமே அனுப்ப வேண்டும், செலவும் அதனுடையது. ஓய்வு பெற்ற போதகர்கள் போடியிலும் தேனியிலும் இருக்கிறார்கள், போடிமெட்டு வழியாக பஸ் இருக்கிறது. திருவிருந்து இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்த எங்கள் உபதேசியாரும் மூப்பர்களும் தயார். அவர்களுக்கு முறையாகப் பயிற்சியும் அனுமதியும் கொடுங்கள். வருகிறவரின் ஜீப் செலவில் எங்கள் பங்கை மாதர் சங்கம் பிடியரிசிக் காணிக்கையிலிருந்து கொடுக்கும். இதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதியிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. போதகர்கள் மனம் விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும். அவர் நிர்வாகக் குழுவிலோ இடமாற்றக் குழுவிலோ இருக்கக்கூடாது. பேசியது நாளைக்குத் தன் கோப்பில் ஏறும் என்று பயந்தால் யார் பேசுவார்கள்? ஐயரம்மாமாருக்கும் அப்படி ஒருவர் வேண்டும். இதை அவர்களில் யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள், அதனால் நான் கேட்கிறேன்.

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறில் ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. எங்களுக்காகப் பேச வேண்டியவர்கள் பேசாதபோது நாங்களே பேசிப் பழகிவிட்டோம். திருச்சபையோடு அப்படி ஒரு நிலைமை வரக்கூடாது என்பதால்தான் முதலில் மடல் எழுதுகிறேன்.

சாம்பல் புதனுக்கு முன்னால் பதில் வேண்டும். லெந்து தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடியும் வரைக்கும் அவரால் ஒரு நாள்கூட நகர முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். பதிலை ஐயருக்கு அனுப்ப வேண்டாம், மாதர் ஐக்கிய சங்கத்துக்கு அனுப்புங்கள். வந்தால் ஞாயிறு அறிவிப்பில் நாங்களே வாசிப்போம். வராவிட்டால், வரவில்லை என்பதையும் நான்கு சபைகளிலும் அறிவிப்போம்.

இப்படிக்கு,
மாதர் ஐக்கிய சங்கச் செயலாளர்,
தேவிகுளம் தாலுகாவின் ஒரு மலைச் சபை